பிஎச்.டி. சர்வேயா? அட்டவணையை முதலில் வரையுங்கள்

மேலாண்மை ஆய்வுக்கான வினாப்பட்டியலை அனுப்பும் முன்பே, ஒவ்வொரு கருதுகோளுக்கும் ஆய்வேட்டில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துவிடுங்கள். பிறகு 30 போலிப் பதில்களை இட்டு, எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருளில் முழுப் பகுப்பாய்வையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பைக் கட்டாயம் அழித்துவிடுங்கள். உண்மைத் தரவோடு அது கலக்கவே கூடாது.

எந்த அட்டவணையிலும் இடம்பெறாத கேள்வி வீண்சுமை, நீக்கிவிடலாம். அட்டவணைக்குத் தேவையான மாறிக்கு (அளக்க வேண்டிய விவரத்துக்கு) கேள்வியே இல்லையென்றாலும் இப்போதே தெரிந்துவிடும். பெயர் கேட்காமல் 300 பேரிடம் பதில் வாங்கிய பின் தெரிந்தால், அவர்களிடம் திரும்பப் போக வழியில்லை. அனுபவத்தை ‘5 முதல் 10 ஆண்டு’ என்று வரம்பாகக் கேட்டுவிட்டால் துல்லியமான சராசரி கிடைக்காது என்பதும், எதிர்மறையாக எழுதிய கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாவிட்டால் (5-ஐ 1 ஆக), கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா குறைந்துவிடும் என்பதும் இந்த ஒத்திகையில்தான் கண்ணில் படும்.

நேர்காணல், தனிநிகழ்வு ஆய்வு போன்ற பண்புசார் முறைகளுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட அளவுகோலிலிருந்தும் (கேள்வித் தொகுப்பிலிருந்தும்) தனிக் கேள்விகளை நீக்காதீர்கள்; அதன் நம்பகத்தன்மை முழுத் தொகுப்புக்கே உரியது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டதென்றால், எந்த மாற்றத்துக்கும் மறு ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.