குடியேற்ற ஆய்வுக்குப் பேராசிரியர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதித் தவறு விளம்பரத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தியில் எந்த எல்லை அடிபடுகிறதோ, அதையே பணியிடத்தின் தலைப்பாக எழுதிவிடுகிறார்கள். வரப்போகிறவரோ பல பத்தாண்டுகள் பாடம் எடுக்கப்போகிறவர். சமூகவியல் துறைக்கு எது தேவை? குடியேறியவர்களின் வேலைச் சந்தையா, குடும்பமா, சட்டமா, இரண்டாம் தலைமுறையின் படிப்பா? புள்ளியியல் தெரிந்தவரா, களப்பணி செய்பவரா? தேர்வுக் குழு இதை முதலிலேயே பேசி எழுதிவைக்காவிட்டால், ஆளுக்கொரு பேராசிரியரை மனதில் வைத்துக்கொண்டு விண்ணப்பங்களைப் படிப்பார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, விண்ணப்பித்தவரின் பிறப்பை வைத்து ஆய்வை எடைபோடுவது. குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் தன் மக்களை ஆராய்ந்தால் சார்பு இருக்கும் என்கிறார்கள். அதே மக்களை வெளியாள் ஆராய்ந்தால் அந்தச் சந்தேகம் எழுவதில்லை. இது அப்பட்டமான அநீதி. ‘அவரே குடியேறியவர், அவருக்குத் தெரியாததா?’ என்று நேர் எதிராக நினைப்பதும் தவறுதான். யாரை எப்படித் தேடிப் பிடித்தார், பேச மறுத்தவர்கள் யார், தன் முடிவுக்கு ஒத்துவராத பேட்டிகளை என்ன செய்தார் என்று இருவரிடமும் ஒன்றுபோலக் கேட்க வேண்டும். ‘எந்த நாடு, எப்போது வந்தீர்கள்?’ என்று விருந்து மேசையில் விசாரிப்பதும் வேண்டாம். பிறந்த நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதை அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் தடுக்கிறது. அந்தக் கேள்வியே பின்னால் வழக்கில் சான்றாக வந்து நிற்கலாம்.

கட்டுரைகளை எண்ணி வரிசைப்படுத்துவது சுலபம், ஆனால் இந்தத் துறையில் அது ஏமாற்றும். ஆய்வாளர்கள் டக்ளஸ் மாசியும் ஹோர்ஹே டுராண்டும் 1982இல் தொடங்கிய மெக்சிகோ குடிபெயர்வு ஆய்வில், மக்கள் புறப்பட்ட ஊர்களிலும் பேட்டி எடுத்தார்கள், அமெரிக்காவில் போய்ச் சேர்ந்தவர்களிடமும் எடுத்தார்கள். இரு முனையிலும் தரவு திரட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு நாட்டில் மட்டும், கையில் கிடைத்த கணக்கெடுப்பை வைத்து எழுதுகிறவர் எண்ணிக்கையில் எளிதாக முந்திவிடுவார். ஆகவே இறுதிப் பட்டியலில் இருப்பவர்களின் ஒரு கட்டுரையையாவது குழுவில் எல்லோரும் முழுதாகப் படிக்க வேண்டும்.

குழுக்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது ஆய்வு அறம். குடியேற்ற ஆவணம் இல்லாத ஒருவர் நம்பிக்கையோடு சொன்ன பெயரும் முகவரியும் வேறு கைக்குப் போனால் அவர் நாடு கடத்தப்படலாம். எனவே வெளிப்படையாகவே கேளுங்கள்: குறிப்பேட்டில் உண்மைப் பெயரை எழுதினீர்களா? ஒலிப்பதிவு இப்போது எங்கே இருக்கிறது, யாரால் திறக்க முடியும்? மொழிபெயர்ப்பாளராக வந்தவர் அதே தெருக்காரரா? களத்தில் உண்மையாக உழைத்தவர் இதற்கு உடனே, விவரமாகப் பதில் சொல்வார். ‘பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறக் குழுவிடம் அனுமதி வாங்கினேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவரிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுரை முடிந்ததும் பேச்சு ‘எல்லையைத் திறக்கலாமா, மூடலாமா’ என்று அரசியலுக்குத் தாவும். தலைமை வகிப்பவர் உடனே அதை ஆய்வுக்குத் திருப்ப வேண்டும். விண்ணப்பித்தவரின் கொள்கை உங்களுக்குப் பிடித்திருப்பது அவருடைய முறை சரி என்பதற்குச் சான்றாகாது.

கடைசியாக, தேர்வாகிறவர் வெளிநாட்டவராக இருந்தால் விசா வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்களின் நிரந்தர வசிப்புரிமைக்கான தொழிலாளர் சான்றிதழில் (அந்த வேலைக்குத் தகுதியான உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்று அரசின் தொழிலாளர் துறை தரும் சான்று) ஒரு தனிச் சலுகை உண்டு: விண்ணப்பித்தவர்களில் மிகத் தகுதியானவர் இவரே என்று காட்டினால் போதும். ஆனால் தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் மனு போக வேண்டும், தேசிய அளவிலான தொழில்சார் இதழில் விளம்பரமும் வந்திருக்க வேண்டும். ஆகவே விளம்பரம் எழுதும் அன்றே விசா வேலையைக் கவனிக்கும் பல்கலைக்கழகப் பன்னாட்டு அலுவலகத்திடம் வரைவைக் காட்டிவிடுங்கள், வெளியான விளம்பரத்தின் நகலையும் தேதியோடு கோப்பில் சேர்த்து வையுங்கள்.