‘ரஷ்ய ஆன்மா’வைத் தேடுவதற்கு முன்னால்: வாசகர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ரஷ்யச் செவ்வியல் இலக்கியம் என்றதும் பலர் பனி, வோட்கா, பாவமன்னிப்பு, ‘ரஷ்ய ஆன்மா’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாத்திரங்கள் செய்வதற்கெல்லாம் மனத்தையே காரணம் காட்டுவதுதான் முதல் தவறு. அந்த மனிதர்களை ஆட்டிவைத்தவற்றில் பாதி, சட்டமும் அரசாங்கப் பதிவேடும்.

செகாவின் சிறுகதை ஒன்றில் பள்ளித் தோழர்கள் இருவர் ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. கட்டித் தழுவிக் கண்கலங்குகிறார்கள். ஒல்லியானவர் எட்டாம் நிலை அதிகாரி. நண்பர் மூன்றாம் நிலைக்கு உயர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் வெளிறுகிறது. ‘மேன்மை தங்கிய’ என்று பேச ஆரம்பிக்கிறார். அவருடைய மகன் சீருடைப் பித்தான்களை எல்லாம் அவசரமாக மாட்டிக்கொள்கிறான். இதை வெறும் அடிமைப் புத்தி என்று படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1722இல் கொண்டுவந்த பதவிப் பட்டியலில் 14 நிலைகள் இருந்தன, முதலாம் நிலைதான் உச்சி. எந்த நிலையில் இருப்பவரை எப்படி விளிக்க வேண்டும் என்பதற்குக்கூட முறை இருந்தது. பருமனானவருக்கே இந்தக் குழைவு குமட்டுகிறது. ஆனால் ஒல்லியானவரால் நிறுத்த முடியவில்லை.

கோகலின் ‘மேல்கோட்டு’ (1842) கதையில் வரும் அக்காக்கி ஒன்பதாம் நிலை குமாஸ்தா. அன்றைய விதிப்படி எட்டாம் நிலையை எட்டினால் பரம்பரைப் பிரபுத்துவமே கிடைத்திருக்கும். அதற்கு ஒரு படி கீழே தேங்கிப்போனவர் அவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள், கோட்டின் விலை 80. ரூபிளை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, வீண் வேலை. ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது என்று பாருங்கள்.

அடுத்த தவறு, எல்லா நாவல்களையும் ஒரே காலத்தில் வைத்துப் படிப்பது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வேறு நாடுகள் என்றே சொல்லலாம். கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலின் சிச்சிக்கோவ் செத்த பண்ணையடிமைகளை ஏன் வாங்குகிறான்? இதில் மர்மமோ ஆன்மிகமோ இல்லை, கணக்குத்தான். ஆண் அடிமைகளின் எண்ணிக்கையை வைத்து வரி விதித்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை செத்தவனும் ஏட்டில் உயிரோடு இருந்தான். அவனுக்கும் நிலப்பிரபு வரி கட்டியாக வேண்டும். தொல்லை விட்டது என்று அவர் பெயரை விற்றுவிடுவார். அந்தப் பெயர்களை அரசு நிறுவனத்தில் அடகுவைத்து, தலைக்கு 200 ரூபிள் கடன் வாங்குவதுதான் சிச்சிக்கோவின் திட்டம். 1861க்குப் பிறகு நடக்கும் தல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’ நாவலில் வரும் நிலப்பிரபு லேவினுக்கோ, விடுதலையான குடியானவர்களைக் கூலி கொடுத்து எப்படி வேலை வாங்குவது என்பதுதான் தலைவலி.

அன்னாவைப் பற்றி அதிகம் கேட்கும் கேள்வி: கணவன் கரேனினிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு காதலன் விரோன்ஸ்கியை மணந்திருக்கலாமே? அது அவ்வளவு எளிதல்ல. விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது. கள்ள உறவை நிரூபிக்க நேரில் பார்த்த சாட்சி வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்யக் கூடாது. ஆக, அன்னா மணக்க வேண்டுமானால் கரேனின் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பொய் சாட்சி தயார் செய்ய வேண்டும். கரேனின் ஆலோசனை கேட்கப் போகும் வழக்கறிஞரோ அவர் பேசுவதைக் கேட்டபடியே அறையில் பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விவாகரத்து இல்லாததால், அன்னாவுக்கும் விரோன்ஸ்கிக்கும் பிறந்த மகள் சட்டப்படி கரேனினின் குழந்தை. விரோன்ஸ்கி இதைத்தான் டாலியிடம் மனம் வெதும்பிச் சொல்கிறான்.

அதே டாலிக்குத் துரோகம் செய்தவன் அவள் கணவன் ஸ்தீவா, அன்னாவின் உடன்பிறந்தவன். அவனுக்கு எந்த வீட்டுக் கதவும் அடைபடவில்லை. அன்னா ரயிலில் விழுந்து இறந்த பிறகு வரும் கடைசிப் பாகத்தில், அவன் வெகுநாளாகக் குறிவைத்திருந்த நல்ல சம்பளப் பதவியும் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.