சி.எஸ்.ஆர். விண்ணப்பம்: பட்ஜெட்டை முதலில் போடுங்கள்

கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கு விண்ணப்பிக்கும் டிரஸ்டுகளுக்கான குறிப்பு இது. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கப் பதிவு செய்தால் கிடைக்கும் சி.எஸ்.ஆர்.-1 எண்ணும் உங்கள் டிரஸ்டுக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அந்த எண் இல்லாத டிரஸ்ட் வழியாக எந்தக் கம்பெனியும் சி.எஸ்.ஆர். வேலை செய்ய முடியாது.

1. நடக்கப்போவதை எழுதுங்கள்

மாலை நேர வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே போனால் செலவு தானாக வரும். 40 பிள்ளைகள், ஆளுக்கு 10 ரூபாய் சுண்டல், மாதம் 22 நாள், 10 மாதம்: 88,000 ரூபாய். இப்படிப் போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ‘சிற்றுண்டி - 1,00,000’ என்று மொட்டையாகப் போட்டால் வெட்டுவது அதைத்தான்.

இதற்கு கூகுள் ஷீட் போதும். வேர்டில் டேபிள் போடாதீர்கள், ஒரு எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறாது, அதைக் கம்பெனிப் பக்கம் இருப்பவர் முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

2. சம்பளம்

ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் அமைப்பு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறது என்றால் முதலாளி பங்காக 13%, 3.25% சேர்க்க வேண்டும். மாதம் 13,950, ஆண்டுக்கு 1,67,400. நடுவில் இருக்கிற 23,400 ரூபாயை யாரும் பிறகு தரமாட்டார்கள்.

3. அந்த 5%

எங்களை ரொம்ப நாள் இழுத்தடித்தது இதுதான். “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சட்டம்” என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள், நாங்களும் வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் அதற்குள் திணிக்கப் பார்த்தோம், முடியவில்லை. அப்புறம் விதியை எடுத்துப் படித்தால், அந்த 5% கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021 ஜனவரியில் திருத்திய விதியிலேயே இருக்கிறது.

ஆக, ஒருங்கிணைப்பாளர், மையத்தின் வாடகை, ஆசிரியர் பயிற்சி எல்லாம் திட்டச் செலவு. கணக்காளர் வாரத்தில் ஒரு நாள் இந்தத் திட்டத்துக்கு உழைத்தால் அவர் சம்பளத்தில் அந்தப் பங்கைத் தனி வரியாகக் காட்டுங்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ‘இதர செலவுகள்’ என்ற வரி மட்டும் வேண்டவே வேண்டாம். சில கம்பெனிகள் தங்கள் சொந்தக் கொள்கையாகவே 5% வைத்திருக்கும், அங்கே வாதாடிப் பயனில்லை, ஆனால் அது சட்டமில்லை என்று தெரிந்துகொண்டு பேசுவது வேறு.

4. தவணை

பணம் மொத்தமாக வராது. முதல் தவணைக்கான செலவுச் சான்றிதழை ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்தால்தான் இரண்டாவது வரும், நடுவில் ஒரு மாதச் சம்பளம் கைக்காசில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டை மாதவாரியாக ஒரு தாளில் பிரித்துப் போட்டு, முதல் தவணையைக் கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள். கம்பெனிக்கு மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு வேண்டும், அதனால் ஜனவரிக்குப் பிறகு திடீரென்று போன் வரும். தயாராக ஒரு பட்ஜெட் இருந்தால் அன்று மாலையே அனுப்பலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு புரபோசல் எழுத உட்காருங்கள், பாதி வேலை ஏற்கெனவே ஷீட்டில் இருக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டது. லேப்டாப் மாதிரிப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்த விலையையே போடுங்கள், பெரும்பாலான டிரஸ்டுகளுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை என்றால் மேலே சொன்ன 5% கணக்கு செல்லாது: வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதில் எது எது சேரும் என்பதற்குத் தனி விதி இருக்கிறது.