டெர்மினல் நிரலில் மவுஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் எழுத்துத் திரையான டெர்மினலில் ஓடும் நிரலுக்கு மவுஸ் நேரடியாகத் தெரியாது. நீங்கள் கேட்டுக்கொண்டால், டெர்மினல் ஒவ்வொரு கிளிக்கையும் ஓர் எஸ்கேப் தொடராக (எஸ்கேப் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீட்டு வரிசையாக) மாற்றி, கீபோர்டில் தட்டிய எழுத்துகள் வருகிற அதே வழியில் அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். வரைகலை நிரல்கள் எழுதிப் பழகியவர்கள் இங்கேயும் கிளிக் என்பது தனிப்பட்ட ஒரு நிகழ்வாக வந்து சேரும் என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார்கள். கீழே சொல்லப்போகிற பிழைகளில் பல அங்கிருந்துதான் முளைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. மவுஸை நீங்கள் கேட்டு வாங்கிய நொடியிலிருந்து, பயனர் திரையில் இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொண்டிருந்த வசதி அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அவருடைய பொருளை வாங்கி வைத்திருக்கிறோம் என்ற நினைப்போடு எழுதினாலே பாதி வேலை சரியாக நடக்கும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். நிரல் நடுவில் செத்துப்போகிறது, ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திரும்பி வருகிறது, பயனர் மவுஸை லேசாக நகர்த்துகிறார், உடனே கட்டளை வரியில் 35;41;12எம் 35;42;12எம் 35;43;12எம் என்று குப்பை கொட்டுகிறது. என்ன நடக்கிறதென்றால், மவுஸ் நகர்வை அறிவிக்கும் மோட் இன்னும் அணைக்கப்படவில்லை. டெர்மினல் கடமை தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஷெல்லுக்கு அது புரியாததால் தொடரின் தலைப்பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் தட்டச்சு செய்த எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. விஷயம் தெரிந்தவர் ரீசெட் என்று அடித்துத் தப்பித்துவிடுவார். தெரியாதவர் டெர்மினலே கெட்டுவிட்டது என்று நினைத்து சன்னலை மூடுவார், அதில் ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலையும் சேர்ந்து போகும்.

ஒழுங்காக வெளியேறும் வழியில் மட்டும் அணைத்தால் போதாது. எதிர்பாராத விதிவிலக்கு எழுந்து நிரல் முறியும்போதும், கன்ட்ரோல்-சி வரும்போதும், வெளியிலிருந்து முடிக்கச் சொல்லி சிக்னல் வரும்போதும் அணைக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுகிற இடம் கன்ட்ரோல்-இசட். நிரல் சாகவில்லை, தூங்கத்தான் போகிறது, ஆனால் பயனர் அப்போது ஷெல்லில் இருக்கிறார். ஆகவே தூங்கும் முன் அணைத்து, மீண்டும் முன்னுக்கு வந்ததும் மறுபடி இயக்க வேண்டும். உங்கள் நிரலிலிருந்து வெளி எடிட்டர் ஒன்றைத் திறந்துவிடுகிறீர்கள் என்றால் அதற்கும் இதே கதைதான். நிரலை உடனே கொல்லும் கில் -9 சிக்னல் வந்தால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதைப் பிடிக்கும் வழி நிரலுக்கு இல்லை.

அணைத்துவிட்டோம், ஆனாலும் வெளியேறியதும் ஒன்றிரண்டு துண்டுகள் ஷெல்லில் விழுகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் அணைக்கச் சொன்ன செய்தி டெர்மினலுக்குப் போய்ச் சேரும் முன்பே அது சில நிகழ்வுகளை அனுப்பியிருக்கும், தொலைவிலிருக்கும் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக என்றால் அந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால் மோடுகளை அணைத்த பிறகு, சற்றே பொறுத்து, உள்ளே காத்திருக்கிற உள்ளீட்டைக் காலி செய்துவிட்டு, அப்புறம் டெர்மினலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் அந்த மிச்சமெல்லாம் ஷெல்லுக்குத்தான் போகும்.

அடுத்து, எந்த மோட் என்பது. எஸ்கேப், அதன்பின் சதுர அடைப்பு, கேள்விக்குறி, எண், கடைசியில் சிறிய எச் போட்டால் இயங்கும், சிறிய எல் போட்டால் அணையும். எண் 9 என்பது மிகப் பழையது, பொத்தானை அழுத்துவதை மட்டும் சொல்லும், அதைத் தொட வேண்டாம். 1000 அழுத்துவதையும் விடுவதையும் சொல்லும். 1002 அதோடு பொத்தானை அழுத்தியபடி இழுப்பதையும் சொல்லும். 1003 எதையும் அழுத்தாமல் சும்மா நகர்த்தினாலும் சொல்லும். எதற்கும் இருக்கட்டும் என்று 1003-ஐ இயக்கி வைப்பது பரவலாக நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். மவுஸ் ஒரு கட்டத்திலிருந்து (ஓர் எழுத்து நிற்கும் இடத்திலிருந்து) அடுத்த கட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு தொடர் வரும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் திரையை மறுபடி வரைந்தால் மெதுவான இணைப்பில் நிரல் திணறிப்போகும், பயனர் கையை எடுத்த பிறகும் திரை பழைய நகர்வுகளைத் துரத்திக்கொண்டிருக்கும். பொத்தான்களும் பட்டியலும்தான் இருக்கின்றன என்றால் 1000 போதும். இழுக்கும் வேலை இருந்தால் 1002. மேலே கொண்டுபோனாலே நிறம் மாற வேண்டும் என்பது நிரலுக்கு உண்மையிலேயே அவசியம் என்றால் மட்டும் 1003, அப்போதும் கையில் வந்திருக்கிற நகர்வுகளையெல்லாம் படித்துவிட்டுக் கடைசியானதற்கு மட்டும் ஒரே ஒரு முறை வரையுங்கள்.

இந்த எண்கள் எதை அறிவிப்பது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும், எந்த வடிவத்தில் என்பது வேறு. பழைய வடிவத்தில் பொத்தான், நெடுவரிசை, வரி ஒவ்வொன்றும் 32 கூட்டப்பட்டு ஒற்றை பைட்டாக வரும். ஒரு பைட்டில் 255-தான் உச்சம் என்பதால் 223-ஆவது நெடுவரிசையோடு கதை முடிந்தது. அகலமான திரையில் வலது ஓரத்தில் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றோ, எங்கேயோ போய் விழுகிறது என்றோ புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். அதற்கு முன்னாலேயே, 95-ஐத் தாண்டியதும் அந்த பைட் 127-க்கு மேல் போய்விடும், உள்ளீட்டை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) என்று எடுத்துக்கொண்டு வாசிக்கிற நிரல் அங்கேயே தடுக்கி விழும். பொத்தானை விடும்போதோ எந்தப் பொத்தானாக இருந்தாலும் 3 என்றே வரும், இடதா வலதா என்று தெரியாது.

இதற்கெல்லாம் விடை 1006, எஸ்ஜிஆர் வடிவம் என்பார்கள். எண்கள் எண்களாகவே, அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரும். முடிவில் பெரிய எம் இருந்தால் அழுத்தியது, சிறிய எம் இருந்தால் விட்டது. 1005, 1015 என்று வேறு இரண்டும் உண்டு, புதிதாக எழுதும் எதிலும் அவற்றுக்கு வேலையில்லை. ஆனால் 1006-ஐ மட்டும் இயக்கிவிட்டு கிளிக் எதுவும் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், அது வடிவம் மட்டும்தான், 1000 அல்லது 1002 கூடவே வேண்டும். 1006 தெரியாத டெர்மினல் உங்கள் கோரிக்கையைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுப் பழைய வடிவத்திலேயே அனுப்பும், ஆகவே நீங்கள் கேட்டதை நம்பாமல் வந்ததைப் பார்த்துப் பிரித்தெடுங்கள்.

பிரித்தெடுப்பதில் நிறையப் பேர் செய்வது, முதல் எண்ணை அப்படியே பொத்தான் எண்ணாக எடுத்துக்கொள்வது. 0 என்றால் இடது, 1 நடு, 2 வலது, இது எல்லோருக்கும் தெரியும். அந்த எண் உண்மையில் பிட்டுகளின் தொகுப்பு: ஷிஃப்டுக்கு 4, மெட்டா அல்லது ஆல்ட்டுக்கு 8, கன்ட்ரோலுக்கு 16, நகர்வுக்கு 32, வீலுக்கு 64. இப்போது எஸ்கேப் [<16;57;8 வந்து பெரிய எம்மில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு 57-ஆவது நெடுவரிசையில், 8-ஆவது வரியில் இடது கிளிக். அடுத்து 48;58;8 வருகிறது. 48 என்பது 32-ம் 16-ம், அதாவது கன்ட்ரோலோடு இடது பொத்தானை ஒரு கட்டம் வலப்பக்கம் இழுத்திருக்கிறார். எண் 0-வா என்று நேரடியாக ஒப்பிட்ட நிரல் இந்த இரண்டையுமே தவறவிட்டிருக்கும். ஷெல்லில் கொட்டிய அந்த 35-ம் இப்படித்தான்: 32 நகர்வு, 3 எந்தப் பொத்தானும் இல்லை.

வீல் மேலே 64, கீழே 65. வீலுக்கு விடுவது என்ற நிகழ்வு கிடையாது, அழுத்தியதும் விடுவதற்காகக் காத்திருக்கிற நிரல் அங்கேயே தொங்கிப்போகும். அப்புறம், நெடுவரிசையும் வரியும் 1-இலிருந்து தொடங்குகின்றன, உங்கள் நிரலில் திரையை வைத்திருக்கும் அணியோ 0-இலிருந்து. ஒன்றைக் கழிக்கும் வேலையைப் பிரித்தெடுக்கும் இடத்தில் ஒரே தடவை செய்யுங்கள், நிரல் முழுக்க அங்கங்கே கழித்துக்கொண்டிருந்தால் ஏதோ ஓரிடத்தில் இரண்டு முறை கழிந்துவிடும்.

வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு முறை வாசித்தால் ஒரு நிகழ்வு கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஒரே வாசிப்பில் ஆறு நிகழ்வுகள் ஒட்டிக்கொண்டு வரலாம், அல்லது எஸ்கேப் [<0;5 வரைக்கும் வந்து மீதி அடுத்த வாசிப்பில் வரலாம். உங்கள் கணினியில் சோதிக்கும்போது இது அநேகமாக நடக்காது, தொலைவிலிருக்கும் சர்வரில் பயனர் ஓட்டும்போது நடக்கும், அதனால்தான் இந்தப் பிழை பிடிபடுவதில்லை. வந்த பைட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்து, முழுத்தொடர் கிடைத்தால் மட்டும் எடுத்து, முடியாத துண்டை அப்படியே வைத்திருங்கள். எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினாலும் அதே முதல் பைட்தான் வருகிறது என்பதால் சின்னக் காத்திருப்பு நேரம் ஒன்று வேண்டும், அது முடிந்தும் வேறெதுவும் வரவில்லை என்றால்தான் அது எஸ்கேப் விசை. அந்த நேரம் மிகக் குறைவாக இருந்தால் துண்டுபட்ட மவுஸ் தொடர் எஸ்கேப் விசையாகவும் பின்னால் வரும் எண்கள் தட்டச்சாகவும் மாறி, ஒற்றை எழுத்துக் கட்டளைகள் இருக்கிற நிரலில் கோப்பே அழிந்துபோகிற அளவுக்குப் போகலாம்.

இழுக்கும் வேலையில், அழுத்தியதற்கு இணையாக விட்டது கட்டாயம் வரும் என்று நம்பி நிலையை வைத்திருக்காதீர்கள். சன்னலுக்கு வெளியே போய்ப் பொத்தானை விடுவார்கள், நடுவில் இணைப்பு சிக்கும், வேறு சன்னலுக்கு மாறிவிடுவார்கள். புதிதாக ஓர் அழுத்தம் வந்தாலோ பொத்தானில்லாத நகர்வு வந்தாலோ பழைய இழுப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளிக் எதன்மீது விழுந்தது என்று பார்க்கும்போதும், திரையில் கடைசியாக வரைந்த அமைப்போடு ஒப்பிடுங்கள், நினைவகத்தில் இப்போதுதான் மாறிய, இன்னும் வரையப்படாத அமைப்போடு ஒப்பிடாதீர்கள், பயனர் கண்ணில் பட்டதைத்தான் அவர் அழுத்தினார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்: நெடுவரிசை எண் என்பது எழுத்து எண் அல்ல. வணக்கம் என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 21 பைட், யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 7, ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள், டெர்மினலில் அது பிடிப்பதோ 5 கட்டங்கள். கிளிக் 5-ஆவது கட்டத்தில் விழுந்தது என்பதற்காக 5-ஆவது குறியீட்டில் கர்சரை வைத்தால் ம்-இல் கிளிக் செய்தவருக்குக் கர்சர் க-வில் போய் நிற்கும். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டம் பிடிக்கிறது என்று வரியின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து கண்டுபிடிக்க வேண்டும். கி போன்ற துணைக்குறி எழுத்துகளை டெர்மினலுக்கு டெர்மினல் வேறு மாதிரி கணக்கிடுகிறார்கள், சில இடத்தில் ஒரு கட்டம், சில இடத்தில் இரண்டு. அதற்கு முழுத் தீர்வு நிரல் எழுதுபவர் கையில் இல்லை, ஆனால் வரைவதற்கும் கிளிக்கைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரே அகலக் கணக்கைப் பயன்படுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துகள் இரண்டிரண்டு கட்டம் பிடிக்கும், அதன் வலப்பாதியில் கிளிக் செய்தாலும் அதே எழுத்துதான்.

டெர்மினல் திரைகளை வரைய உதவும் என்கர்சஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கீபேட் வசதியை இயக்காவிட்டால் மவுஸ் விசைக்குறியீடு வராது, வெறும் பைட்டுகள்தான் வரும். கிளிக்குகள் மந்தமாக வருவதுபோல் இருந்தால், அழுத்தி விட்டது கிளிக்கா, இரட்டை கிளிக்கா என்று முடிவு செய்ய அந்த நூலகம் இயல்பாக ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு வரை காத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காத்திருப்பைத் தீர்மானிக்கும் மவுஸ்இன்டர்வலை 0 ஆக்கினால் அது கணிப்பதை நிறுத்தி, அழுத்தியதையும் விட்டதையும் உடனே தரும்.

கடைசியாகப் பயனரின் உரிமை. மவுஸ் உங்களிடம் இருக்கும்போதும், பெரும்பாலான டெர்மினல்களில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பழையபடி தேர்ந்தெடுக்கலாம், மேக் கணினியின் ஐடெர்ம்2 டெர்மினலில் ஆப்ஷன் விசை. ஆகவே ஷிஃப்ட்-கிளிக்கை உங்கள் நிரலின் முக்கியமான வேலைக்கு வைக்காதீர்கள், பெரும்பாலும் அது உங்களுக்கு வந்தே சேராது. இந்த விசையைப் பற்றி உதவித் திரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மவுஸை முழுக்க அணைக்க ஓர் அமைப்பும் கொடுங்கள். மவுஸால் செய்யும் ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் ஒரு வழி இருக்கட்டும், கைவலியால் மவுஸையே தொடாதவர்களும் இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் நூலகத்தைக் குடைவதற்கு முன் டெர்மினல் என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பாருங்கள். பிரின்ட்எஃப் கட்டளையால் 1000-ஐயும் 1006-ஐயும் இயக்கிவிட்டு உள்ளீட்டை அப்படியே திருப்பி எழுதும் கேட் கட்டளையை ஓடவிட்டு அங்கங்கே கிளிக் செய்தால் ஒவ்வொரு தொடரும் திரையில் அப்படியே எழுதப்படும். இதையே டீமக்ஸுக்குள்ளும் (ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்தும் நிரல்) எஸ்எஸ்எச் வழியாகவும் ஒரு தடவை செய்து பார்த்தால், கோளாறு உங்கள் நிரலிலா நடுவில் இருப்பதிலா என்று பிரித்துவிடலாம்.