அலைடு ஹெல்த் டிகிரில பணம் கட்றதுக்கு முன்னாடி காலேஜை எப்படி பாக்கறது (வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு)

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், காட்பாடில இருந்து பாகாயம் வரைக்கும் பஸ்ல ஏறுனா ஒரே பேச்சுதான், "நீட்ல கட்டாஃப் வரல, பாராமெடிக்கல் போட்டுட்லாமா". அலைடு ஹெல்த்னு சொல்றதும் அதைத்தான், லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோ மாதிரி படிப்புங்க. போடலாம் தப்பே இல்ல, ஆனா நம்ம ஆளுங்க பாக்கறது காலேஜ் பில்டிங்கு, ஏசி கிளாஸ்ரூமு, பிளேஸ்மென்ட் போஸ்டரு. நான் சொல்றது காலேஜை விட்டுடுங்க, பசங்க போஸ்டிங் (ஆஸ்பத்திரில நின்னு கத்துக்கற பயிற்சி) நிக்கப்போற ஆஸ்பத்திரியை பாருங்க. இந்த படிப்புல கைதான் சம்பாதிக்கும், கை பழகறது பேஷன்ட் கிட்டதான்.

ஆனா அதுக்கும் முன்னாடி பேப்பர் சமாச்சாரத்தை முடிச்சுடுங்க. டிகிரி சர்டிபிகேட்ல யார் பேரு வரும்னு கேளுங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் சென்னை கிண்டில இருக்கற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சிஎம்சி நடத்துற அலைடு ஹெல்த் டிகிரியும் அதுக்கு கீழதான். இல்லன்னா நிகர்நிலை பல்கலைக்கழகம், அதுவும் ஓகே. ஆனா மாடில நாலு ரூம் எடுத்து ஏதோ கவுன்சில் பேரு, ஏதோ டிரஸ்ட் பேரு போட்டு "கவர்மென்ட் அப்ரூவ்டு"னு போர்டு வெச்சிருந்தா அந்த படியே ஏறாதீங்க. பல்கலைக்கழக வெப்சைட்ல அஃபிலியேட்டட் காலேஜ் லிஸ்ட் இருக்கும், அதுல காலேஜ் பேரு மட்டும் இருந்தா பத்தாது, நீங்க சேரப்போற அந்த கோர்ஸும் இருக்கணும், எத்தனை சீட்டுன்னும் பாருங்க. பத்து சீட்டுக்கு பர்மிஷன் வாங்கிட்டு அதுக்கு மேல சேர்த்தா பரீட்சை நேரத்துல மாட்டறது உங்க புள்ளதான்.

2021ல மத்திய அரசு தனி சட்டமே போட்டாங்க, அலைடு ஹெல்த், ஹெல்த்கேர் படிப்புங்களுக்கான என்சிஏஹெச்பி ஆக்ட்னு சொல்றது. அதுல நமக்கு வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. அலைடு ஹெல்த் புரொஃபஷனல்னா டிப்ளமோவோ டிகிரியோ குறைஞ்சது 2000 மணி நேரம், ஹெல்த்கேர் புரொஃபஷனல்னா டிகிரில 3600 மணி நேரம். அதனால அட்மிஷன் டேபிள்ல உக்காந்ததும் "மொத்தம் எத்தனை மணி நேரம் சார், அதுல ஆஸ்பத்திரில எத்தனை"ன்னு கேளுங்க, பதில் வராம பிரின்சிபால் ரூமுக்கு கை காட்னாங்கன்னா புரிஞ்சுக்கலாம். அப்புறம் ஆன்லைன்ல, தபால்ல டிகிரின்னு யாராவது சொன்னா 2025ல யுஜிசியே இந்த சட்டத்துக்குள்ள வர்ற படிப்பை தொலைதூரத்துல நடத்தக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, சைக்காலஜி, டயட்டெடிக்ஸ்கூட அதுல அடங்கும். ஸ்பீச், ஹியரிங் படிப்புன்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரமும் இருக்கான்னு பாத்துடுங்க.

இப்போ ஆஸ்பத்திரி. ஒரு வேலை நாள்ல காலைல பத்து பதினோரு மணிக்கு போங்க, ஓபி நேரம், அட்மிஷன் ஆபீஸ்ல சொல்லாம போங்க. ஓபில கூட்டம் இருக்கா, லேப்ல ரத்தம் எடுக்கற இடத்துல வரிசை நிக்குதா, இல்ல சேர்லாம் காலியா ஃபேன் மட்டும் சுத்துதா. நம்ம ஊர்க்காரங்களுக்கு பேஷன்ட் கூட்டம்னா என்னன்னு சொல்லித்தர வேணாம், வங்காளத்துல இருந்து ரயிலேறி காட்பாடில வந்து எறங்கறாங்க, அடுக்கம்பாறை ஜிஹெச்சுக்கு ஆரணி, போளூர் பக்கமிருந்து வர்றாங்க, அதை வெச்சு அளந்து பாருங்க. காலேஜுக்கு சொந்த ஆஸ்பத்திரி இல்லாம "டை-அப் இருக்கு"ன்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் வரைக்கும் எக்ரிமென்ட், பஸ் செலவு யாரு, எல்லாத்தையும் கேட்டுடுங்க.

மிஷினை எண்ணுங்க. ஒரு பேட்ச்ல நாப்பது பேரு, டயாலிசிஸ் மிஷின் நாலுன்னா என்னாகும்? ஒரு பேஷன்டுக்கு ஒரு தடவை போடவே நாலு மணி நேரம் ஆகும், அப்போ ஒரு ஷிப்டுக்கு நாலு பேஷன்ட், ஊசி போட்டு கனெக்ட் பண்றதை நாப்பது பேரும் பின்னாடி நின்னு எட்டிப்பாக்க வேண்டியதுதான்.

எக்ஸ்ரே படிப்புக்கு ஒரு ஈசி டெஸ்ட் இருக்கு. போஸ்டிங்ல இருக்கற ஸ்டூடன்ட் நெஞ்சுல டிஎல்டி பேட்ஜ் இருக்கான்னு பாருங்க. சின்ன பிளாஸ்டிக் கிளிப்பு மாதிரி இருக்கும், பட்ட கதிர்வீச்சை அது கணக்கு வெச்சுக்கும், மூணு மாசத்துக்கு ஒருதடவை அனுப்பி ரீடிங் எடுப்பாங்க. அந்த ஆளோட பேர்லயே இருக்கணும், இன்னொருத்தர் பேட்ஜை மாட்டிக்கிட்டு நிக்கக்கூடாது. மிஷினுக்கு ஏஇஆர்பி (மத்திய அரசோட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் இருக்கான்னும் கேளுங்க. இதுலயே மிச்சம் புடிக்கற காலேஜு வேற எதுல ஒழுங்கா இருக்கும்?

அப்புறம் டீக்கடை. மூணாவது வருஷ பசங்களும் இன்டர்ன்ஸும் அங்கதான் இருப்பாங்க, பேசுங்க. "காலேஜ் எப்படிம்மா"ன்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லும் பாவம். அதனால "நேத்து நீ என்னம்மா பண்ண"ன்னு கேளுங்க. சிடி எடுத்தேன், காண்ட்ராஸ்ட் கேஸ் ரெண்டு பாத்தேன்னு சொல்லுதா, இல்ல ரிஜிஸ்டர் எழுதுனேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுனேன்னு சொல்லுதா. லாக்புக் காட்ட சொல்லுங்க, ஒவ்வொரு கேஸுக்கும் தேதி போட்டு கையெழுத்து இருக்கணும், ஒரே நாள்ல ஒரே பேனால முழு பக்கமும் கையெழுத்துன்னா அது பரீட்சைக்கு முந்தின நாள் நெரப்புனது. இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபண்ட் தராங்களா இல்ல அந்த வருஷத்துக்கும் ஃபீஸ் வாங்கறாங்களான்னும் கேட்டுடுங்க, நைட் டூட்டிக்கு ஆள் பத்தலன்னு இன்டர்னை வெச்சே ஓட்டற இடம் இருக்கு.

வேலை விஷயத்துல என் கணக்கு இது. ரேடியாலஜியும் டயாலிசிஸும் சின்ன ஊர்லயும் வேலை கெடைக்கும், இப்போ தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் யூனிட் வந்துடுச்சு. லேப்ல ஆளுங்க ஜாஸ்தி, ஆரம்ப சம்பளம் கம்மி, எம்எஸ்சி வரைக்கும் போறதா இருந்தா எடுங்க. பெர்ஃப்யூஷன் (ஆபரேஷன்ல ஹார்ட்-லங் மிஷினை ஓட்டறது) ஹார்ட் ஆபரேஷன் நடக்கற இடத்துல மட்டும்தான், பெரிய சிட்டிக்கு போக ரெடின்னா நல்ல படிப்பு. பிசியோவும் ஆப்டோமெட்ரியும் குடியாத்தத்துல ஆம்பூர்ல சொந்தமா போர்டு மாட்டிக்கலாம். கவர்மென்ட் வேலைதான் குறின்னா எம்ஆர்பியோட (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பழைய நோட்டிபிகேஷன் எடுத்து தகுதின்னு போட்ருக்கற வரியை படிங்க, சில போஸ்ட்டுக்கு டிப்ளமோ, சர்டிபிகேட் கோர்ஸ்னு குறிப்பா போட்டிருப்பாங்க, டிகிரிதான் பெருசுன்னு நெனச்சுட்டு போய் நிக்காதீங்க.

பிளேஸ்மென்ட் நூறு பர்சென்ட்னா போன வருஷ பேட்ச்ல மூணு பேரு நம்பர் கேளுங்க, அவ்ளோதான்.

ஃபாரின் கனவு இருந்தா கோர்ஸ் எடுக்கும்போதே பாக்கணும். இங்கிலாந்துல எக்ஸ்ரே, பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் எல்லாம் அங்க இருக்கற ஹெச்சிபிசிங்கற கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியும், டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு அந்த லிஸ்ட்ல எடமில்ல. இங்க முடிச்ச பிசிஷியன் அசிஸ்டன்ட் டிகிரிய வெச்சு அமெரிக்காவுல பிஏ ஆக முடியாது, அங்க அங்கீகரிச்ச காலேஜ்லயே படிச்சாகணும். வளைகுடா நாடுங்கன்னா டேட்டாஃப்ளோங்கற கம்பெனி மூலமா சர்டிபிகேட் சரிபார்ப்பு உண்டு, காலேஜுக்கே மெயில் போட்டு கேப்பாங்க, பதில் போடாத காலேஜால விசா தள்ளிப்போய் உக்காந்திருக்கறவங்க இருக்காங்க. சீனியர்ஸ் கிட்ட டிரான்ஸ்கிரிப்ட் வாங்க எத்தனை மாசம் ஆச்சுன்னு கேளுங்க.

அட்மிஷன் அன்னிக்கு ஒரிஜினல் மார்க்ஷீட்டை சரிபாத்துட்டு திருப்பி தரணும், வெச்சுக்கக்கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிடுச்சு, ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. சிஎம்சிக்கு தனி அப்ளிகேஷன், கவர்மென்ட் கவுன்சிலிங் செலக்‌ஷன் கமிட்டி வழியா தனி, ஒண்ணை நம்பி இன்னொண்ணோட கடைசி தேதியை விட்டுடாதீங்க, ரெண்டையும் போட்டுட்டு அப்புறம் பிரைவேட் காலேஜ் பக்கம் போங்க.