ஒரு டிஷ், பல ரிசீவர்கள்: வயரிங்கை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரே ஒரு ரிசீவர் (செட்-டாப் பாக்ஸ்) இருக்கும்வரை டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. இன்னொரு அறைக்கு இரண்டாவது ரிசீவர் வந்ததும், பலரும் செய்கிற முதல் காரியம், ஒரு ஸ்ப்ளிட்டரை வாங்கி அந்தக் கேபிளை இரண்டாகப் பிரிப்பதுதான். முதல் நாள் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு கூடத்தில் ஒருவர் சேனலை மாற்றினால், உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த படம் மறைந்து ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வரும். இரவில் கூடத்து ரிசீவரை அணைத்தபின் உள்ளறையில் எல்லாச் சேனல்களும் தெளிவாகத் தெரியும். அதனால் பழி ரிசீவர்மீது விழுகிறது, உண்மையில் அதில் எந்தக் கோளாறும் இல்லை.

டிஷ்ஷின் முனையில் இருந்து சிக்னலைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் சிறு கருவியான எல்.என்.பி.யிலிருந்து படம் மட்டும் கீழே இறங்குவதில்லை. அதே கேபிள் வழியாக ரிசீவரின் கட்டளைகளும் மேலே ஏறுகின்றன. பரவலாகப் பயன்படும் யுனிவர்சல் எல்.என்.பி.யில், ரிசீவர் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலைகளும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளும் கிடைக்கும். அதனுடன் 22 கிலோஹெர்ட்ஸ் டோனையும் சேர்த்தால் ஹை பேண்ட் எனும் மேல்பகுதி அலைவரிசைகள், சேர்க்காவிட்டால் லோ பேண்ட் எனும் கீழ்ப்பகுதி அலைவரிசைகள். ஆக, மொத்தச் சேனல்களும் நான்கு கால்பங்குகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு கால்பங்குதான் வரும். ஸ்ப்ளிட்டரில் இணைந்த இரு ரிசீவர்களில் ஒன்று 13, மற்றது 18 வோல்ட் அனுப்பினால், எல்.என்.பி.யை எட்டுவது 18 வோல்ட்தான். இருவரும் பார்க்கும் சேனல்கள் தற்செயலாக ஒரே கால்பங்கில் இருக்கும்வரை மட்டுமே ஸ்ப்ளிட்டர் ஒழுங்காக வேலை செய்யும். ‘எங்கள் வீட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று சிலர் வாதிடுவதற்கு அதுவே காரணம்.

இதற்கு மாற்றாக டைசெக் சுவிட்ச்சை வாங்கிவருவது அடுத்த தவறு. நான்கு முனைகளைப் பார்த்ததும் நான்கு ரிசீவர்களுக்கு உரியது என்று தோன்றும். ஆனால் அது பல எல்.என்.பி.க்களை ஒரே ரிசீவருக்குக் கொண்டுவருவதற்கான கருவி. தலைகீழாக மாட்டினாலும் ஒரு எல்.என்.பி.யைப் பலருக்குப் பங்கிடாது. அந்த வேலையைச் செய்வது மல்டிசுவிட்ச். ஒவ்வொரு ரிசீவரின் கட்டளையையும் அது தனித்தனியாகக் கேட்டு, உரிய கால்பங்கை அந்த ரிசீவருக்கு மட்டும் திருப்பிவிடுகிறது.

மல்டிசுவிட்ச்சை முடிவுசெய்த பிறகும், குவாட், குவாட்ரோ என்ற இரு எல்.என்.பி. வகைகளின் பெயர்க் குழப்பத்தில் பணத்தை இழப்பவர்கள் உண்டு. இரண்டிலும் நான்கு முனைகள் இருக்கின்றன, வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். குவாட் எல்.என்.பி.யின் உள்ளேயே சுவிட்ச் இருப்பதால் நான்கு ரிசீவர்களை நேரடியாக இணைக்கலாம். குவாட்ரோவிலோ ஒவ்வொரு முனையும் ஒரு கால்பங்குக்கு என்று நிலையாக ஒதுக்கப்பட்டது. அதை நேராக அறைகளுக்குக் கொண்டுபோனால் ஆளுக்குக் கால்வாசிச் சேனல்களே மிஞ்சும். மல்டிசுவிட்ச்சுக்கு உரியது குவாட்ரோதான்; குவாட்டை ஏற்கும் மல்டிசுவிட்ச்சுகளும் உண்டு, எல்லாமே ஏற்பதில்லை என்பதால் அதன் உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது. குவாட்ரோவிலிருந்து மல்டிசுவிட்ச்சுக்குப் போகும் நான்கு கேபிள்களில் இரண்டு இடம் மாறிவிட்டால், ரிசீவரில் சிக்னலின் பலம் காட்டும், தரம் மட்டும் பூஜ்யத்தில் நிற்கும். கேபிளை மேலே ஏற்றுவதற்கு முன்பே இரு முனைகளிலும் எண் ஒட்டிவைத்தால் இந்த அலைச்சல் இருக்காது. மல்டிசுவிட்ச்சில் எத்தனை முனைகள் வேண்டும் என்பதையும் ரிசீவர்களை வைத்து எண்ணாமல், அவற்றுக்குள் சேனலைத் தேர்ந்து பிடிக்கும் ட்யூனர்களை வைத்து எண்ண வேண்டும். ஒன்றைப் பார்த்தபடி இன்னொன்றைப் பதிவுசெய்யும் இரட்டை ட்யூனர் ரிசீவருக்குப் பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் தேவை.

புதிய சுவிட்ச்சைப் பழைய கேபிளுடன் இணைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது, சாதாரண டி.வி. ஆண்டெனாவுக்காக ஒரு காலத்தில் சுவரில் பதித்த சாக்கெட்டும் ஸ்ப்ளிட்டரும் அவ்வளவு உயர்ந்த அலைவரிசைகளுக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. நல்ல ஆர்.ஜி.6 கேபிளிலேயே மேல் அலைவரிசைகளில் 10 மீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல், அதாவது ஏறத்தாழ பாதி ஆற்றல், வழியிலேயே கரைந்துவிடும். மெல்லிய ஆர்.ஜி.59 கேபிளில் இழப்பு இன்னும் அதிகம். நடுக்கம்பி முழுச்செம்பா, செம்பு பூசிய எஃகா என்பதையும் கவனிக்க வேண்டும். சிக்னல் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அதற்கு எஃகு பெரிய தடையில்லை; ஆனால் எல்.என்.பி.க்குப் போகும் நேர்மின்சாரம் (டி.சி.) கம்பி முழுவதிலும் ஓடுவதால், நீண்ட தூரத்தில் வோல்ட் சரிந்துவிடும். 18 வோல்ட்டாகப் புறப்பட்டது சுமார் 15 வோல்ட்டுக்குக் கீழே போனால், எல்.என்.பி. அதை 13 வோல்ட் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். செங்குத்துச் சேனல்கள் எல்லாம் வந்து, கிடைமட்டச் சேனல்கள் மட்டும் வராமல் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான்.

கேபிளைவிடவும் அதிகமாக ஏமாற்றுவது அதன் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர். ஒருமுறை, புதிதாக மாட்டிய மல்டிசுவிட்ச்சில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் சிக்னல் வராததால், சுவிட்ச் பழுது என்றே முடிவுகட்டி அதைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, மேலுறைப் பின்னலிலிருந்து பிரிந்த ஒற்றை இழை, முடியளவே இருக்கும், நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னலை முழுவதும் பின்னால் மடித்துவிட்டு, வெள்ளைக் காப்பு கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நீண்டிருக்க வேண்டும். கையால் திருகும் கனெக்டர்கள் நாளடைவில் தளர்ந்துவிடுகின்றன. கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையே நம்பத்தக்கது.

சிக்னல் குறைந்தால் உடனே ஆம்ப்ளிஃபயர் வாங்குவதும் வீண். ரிசீவருக்குப் பக்கத்தில் மாட்டினால் அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

ஒரே கேபிளை வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றால் யூனிகேபிள் முறை இருக்கிறது, இ.என். 50494 என்ற ஐரோப்பியத் தரத்தில் 8 ட்யூனர்கள் வரையிலும், இ.என். 50607 தரத்தில் 32 வரையிலும் ஒரே கேபிளில் இயங்கும். இங்கே மட்டும் ஸ்ப்ளிட்டரே சரியான கருவி, ஆனால் எல்லா முனைகளிலும் மின்சாரத்தைக் கடத்தும் டயோடு உள்ள வகையாக அது இருக்க வேண்டும். ஒவ்வொரு ட்யூனருக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் கொடுத்தால் பழைய சண்டையே திரும்ப ஆரம்பிக்கும். பழைய ரிசீவர் இந்த முறையை ஏற்குமா என்பதை அதன் அமைப்புகளில் பார்த்துவிட்டே பொருட்களை வாங்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் எல்லா ரிசீவர்களின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ரிமோட்டில் அணைத்த ரிசீவரும் கேபிளில் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கலாம், கனெக்டரைக் கழற்றும்போது ஏற்படும் ஷார்ட் அதன் மின்பகுதியைக் கெடுத்துவிடக்கூடும். டிஷ்ஷையும் மல்டிசுவிட்ச்சின் உலோக உறையையும் எர்த் செய்ய வேண்டும். வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் நீர்புகாத டேப்பைச் சுற்றி, சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கேபிளைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச்சுக்குள் வராது.