வெப்பம் சொல்லும் கோப்பு

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கணினியின் விசிறியை விரைவில் கெடுத்துவிடுவதால், லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துவோர் கணினியின் வெப்பத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. சிஸ் (/sys) அடைவுக்குள் கிளாஸ், தெர்மல், தெர்மல்_ஸோன்0 என்று வரிசையாக இறங்கி, அங்குள்ள டெம்ப் (temp) என்ற கோப்பை, கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையால் படித்தால், பெரும்பாலான கணினிகளில் 52000 போன்ற ஓர் எண் கிடைக்கும். 1000ஆல் வகுத்தால் அது 52 டிகிரி செல்சியஸ். எந்த உணரியின் அளவு அது என்பதை அருகிலுள்ள டைப் (type) கோப்பு சொல்லும் (பலர் இதைப் பார்ப்பதேயில்லை). இக்கோப்புகள் வட்டில் இருப்பவை அல்ல. நாம் படிக்கும் கணத்தில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் விடையை உருவாக்கித் தருகிறது. இதேபோல், நினைவக நிலவரத்துக்கு ப்ராக் (/proc) அடைவின் மெம்இன்ஃபோ (meminfo) கோப்பில், முற்றிலும் காலியான நினைவகத்தை மட்டும் காட்டும் மெம்ஃப்ரீயை (MemFree) விட்டு, புதிய நிரல்களுக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தைக் காட்டும் மெம்அவைலபிள் (MemAvailable) வரியைப் பாருங்கள்.